மொரீஷியஸில் கல்லும் மரமுமாய் ஒரு கைவினை வீடு: மனை பார்ப்பதிலிருந்து கூரை இறுக்குவது வரை

வீடு கட்டப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரே மாதிரி படம்தான். தாழ்ந்த கூரை, அதன் ஓரம் வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும். கீழே அகன்று மேலே குறுகும் கல்தூண்கள், வெளியே தெரியும் கைமர முனைகள், தேன் நிறத்தில் மரம். அமெரிக்காவின் 'கிராஃப்ட்ஸ்மேன்' பாணி. பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை அப்படியே இந்தத் தீவில் கட்டினால் முதல் பெரிய புயலுக்கே கூரை பக்கத்துக் கரும்புக் காட்டில் கிடக்கும்.

அதனால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 1859இல் லண்டனுக்கு அருகே வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காகக் கட்டிடக்கலைஞர் ஃபிலிப் வெப் வரைந்த செங்கல் வீட்டிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். இயந்திரம் அச்சடித்துத் தள்ளும் அலங்காரம் வேண்டாம், கையால் செய்வோம், உள்ளூர்ப் பொருளில் செய்வோம், எப்படிச் செய்தோம் என்பதை மறைக்காமல் காட்டுவோம் என்றார்கள் மோரிஸும் அவர் கூட்டாளிகளும். அமெரிக்காவில் மரச்சாமான் செய்த குஸ்தாவ் ஸ்டிக்லி 1901இல் தொடங்கிய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' மாத இதழின் பெயரே பாணிக்கும் பெயராகிவிட்டது. கலிஃபோர்னியாவின் பசடீனாவில் கிரீன் சகோதரர்கள் 1908இல் கட்டிய கேம்பிள் வீடு அதன் உச்சம். ஆக, நீண்ட கூரை ஓரம் பசடீனாவின் வெயிலுக்கான பதில். நம் ஊர்க் காற்றுக்கு வேறு பதில் வேண்டும். பாணியின் விதியை எடுத்துக்கொள்ளலாம், வடிவத்தை விட்டுவிடலாம்.

அந்த விதி நமக்குப் புதிதும் இல்லை. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தோனே, போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுவந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வருவதற்கு நூறு வருடம் முன்பே நம்மவர்கள் இங்கே உளியோடு வந்திறங்கிவிட்டார்கள்.

படி 1: மனையில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்

நம் எல்லோருக்கும் மனை பெர்ஷ் கணக்கில்தான் வரும். ஒரு பெர்ஷ் சுமார் 42 சதுர மீட்டர். 12 பெர்ஷ் என்றால் 500 சதுர மீட்டருக்குச் சற்று மேல். கல்லும் மரமுமாய் ஒரு தளத்து வீட்டுக்கு இது தாராளம்.

அளவை விட முக்கியம், மனை தீவின் எந்தப் பக்கம் என்பது. தென்கிழக்கிலிருந்து வரும் வணிகக்காற்று நடு மேட்டில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. கியூர்பீப்பில் சுவர் காயவே காயாது. மறுபக்கம் போர்ட் லூயிஸில் வெயில் பொசுக்கும். ஒரே வரைபடம் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

அப்புறம் சூரியன். தமிழ்நாட்டுப் புத்தகத்தையோ காணொளியையோ பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் தவறும் இடம் இது. நாம் இருப்பது தெற்கே 20 பாகை. ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்து வருகிறது. ஜூன் மாத உச்சிவெயில் வடவானில் சுமார் 46 பாகை உயரத்தில் நிற்கும். வராங்கின், அதாவது முன் தாழ்வாரத்தின், விளிம்பு 2.3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த வெயில் உள்ளே ஏறக்குறைய 2.2 மீட்டர் வரை வரும். கடலோரத்தில் வடக்கு வராங்கை 2.5 மீட்டர் ஆழமாக வைத்தால் குளிர்காலத்து உச்சிவெயிலும் அறைக்குள் நுழையாது. கியூர்பீப்பிலோ அந்த வெயில் வேண்டும். அங்கே 1.5 மீட்டர் போதும்.

சமையலறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் சண்டை வரும் விஷயம். அக்கினி மூலை தென்கிழக்கு என்று என் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். நம் காற்றும் தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. அங்கே அடுப்பு வைத்தால் மீன் குழம்பு வாசம் நேராகப் படுக்கையறைக்கு. பழைய கிரியோல் வீடுகளில் சமையல்கட்டு பின்னால் தனிக் கட்டிடமாக இருந்ததை அம்மாவுக்குக் காட்டினேன். "அடுப்பு எரிகிற இடத்தில் வீட்டுக்காரி இருக்க வேண்டாமா?" என்றார். கடைசியில் அதே மூலையில்தான் வைத்தோம். ஆனால் வீட்டுப் பக்கம் கதவை ஒன்றாகக் குறைத்து, புகை போக வடக்குச் சுவரில் உயரமாக மரச்சட்டக் காற்றுவழி விட்டோம். சாஸ்திரமும் பிழைத்தது, தலையணையும் பிழைத்தது.

படி 2: அறை அளவை மரத்தின் நீளத்திலிருந்து எடுங்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். இறக்குமதி மரம் 60 சென்டிமீட்டர் பெருக்கலில் வருகிறது: 3.0, 3.6, 4.2, 4.8 மீட்டர் என்று. அறை அகலத்தை 3.6 என்று வைத்தால் விட்டம், சுவரில் உட்காரும் நீளத்தோடு சேர்த்து, 4.2 துண்டில் முடிந்துவிடும். 3.9 என்று ஆசைப்பட்டால் 4.8 துண்டு வாங்கி மிச்சத்தை விறகாக்க வேண்டும்.

பாணியின் உயிர் பெரிய அறைகளில் இல்லை, சுவரோடு சேர்த்துக் கட்டிய சாமான்களில் இருக்கிறது. ஜன்னலடி இருக்கை, அதனடியில் பெட்டி, புத்தகத் தட்டு, பூசை மாடம். இவற்றை வீடு முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் பிறகு கடையில் பலகை அலமாரிதான் வாங்குவீர்கள். வரைபடத்திலேயே போடுங்கள். காவடி சமயத்தில் வீடு நிறைய ஆள் வரும் குடும்பமானால் வராங்கின் உள்சுவர் நெடுக ஒரு திண்ணை. பத்து நாற்காலிக்குச் சமம்.

படி 3: சுவருக்கு முன்னால் கூரையை முடிவு செய்யுங்கள்

இங்கே நிதானமாக நிற்போம்.

1960 பிப்ரவரியில் வந்த கரோல் புயலில் காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. 1975இல் ஜெர்வேஸ் 280ஐத் தொட்டது. கரோலுக்குப் பிறகுதான் தீவு முழுக்க தட்டைக் கான்கிரீட் கூரை பரவியது. நம் பெரியவர்களிடம் மரவீடு என்று சொன்னாலே முகம் மாறுவதற்குக் காரணம் அந்த இரவு. பயம் நியாயமானதே. ஆனால் அன்று பறந்த வீடுகள் மரம் என்பதால் மட்டும் பறக்கவில்லை. கூரை சுவரோடு கட்டப்படவில்லை, வெறுமனே அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

காற்று கூரையைக் கீழே அழுத்தும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர் எதிர். கூரைமேல் வேகமாகப் போகும் காற்று அதை மேலே உறிஞ்சி இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். இழுப்பும் தள்ளலும் சேர்ந்தால் கூரை கிளம்பிவிடும். ஆக, மொத்த வடிவமைப்பும் ஒரே கேள்வியில் அடங்கும்: கூரைத் தகட்டைப் பிடித்து மேலே இழுத்தால் அந்த இழுவிசை எதன் வழியாக மண்ணுக்குப் போகிறது? தகட்டிலிருந்து குறுக்குச் சட்டம், அதிலிருந்து கைமரம் (கூரையின் சரிவுக் கட்டை), அதிலிருந்து சுவர்மேல் உத்தரம், அங்கிருந்து சுவர், அப்புறம் அஸ்திவாரம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆணியை மட்டும் நம்பி இருந்தாலும் கூரை அங்கே பிரியும். ஆணி பக்கவாட்டில் தாங்கும், நேராக இழுத்தால் வெண்ணெயில் குத்தியது மாதிரி வெளியே வரும்.

இதை வைத்துக்கொண்டு வடிவத்துக்கு வருவோம். பசடீனாவின் தாழ்ந்த இருபக்கச் சரிவுக் கூரையை விடுங்கள். நாலு பக்கமும் சரியும் கூரை போடுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வழுக்கிப் போகும். சரிவு 27 முதல் 30 பாகை வரை. மேஸ்திரிக்குப் பாகை சொல்லாதீர்கள், ஒரு மீட்டர் கிடையாகப் போனால் 50 முதல் 58 சென்டிமீட்டர் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். கூரை ஓரம் சுவரைத் தாண்டி 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

'அப்படியானால் நிழல்?' நல்ல கேள்வி. நிழலுக்கு வராங்க் இருக்கிறது. வராங்கின் கூரையை வீட்டுக் கூரையின் நீட்டமாகப் போடாமல், ஒரு சாண் கீழே தனிக் கூரையாகப் போடுங்கள். புயல் மிஞ்சினால் வராங்க் கூரை மட்டும் போகும், வீட்டுக் கூரை நிற்கும். பல்லி வாலைக் கொடுத்து உயிர் தப்புகிற கணக்குதான். பழைய வராங்குகளை நேரில் பார்க்க மோக்காவில் யுரேக்கா மாளிகைக்கும் மாப்பூவில் லபூர்தொனே மாளிகைக்கும் போய் வாருங்கள். மாப்பூ மாளிகை கட்டி முடிந்ததும் அதே 1859இல்தான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல். அங்கே ஜன்னலை ரசித்தது போதும், வராங்கில் நின்று மேலே பாருங்கள்.

இறுக்கும் முறை இதோ. ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு துத்தநாகப் பூச்சு இரும்புப் பட்டை, கைமரத்தின் மேலே ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். பக்கத்தில் வைத்து நாலு ஆணி அடிப்பது போதாது. உத்தரத்தைச் சுவரின் தலைக்கட்டுக் கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டால் பிடியுங்கள். தகடு 24 கேஜ்; 26 அதைவிட மெல்லிசு, வேண்டாம். கூரை ஓரத்திலும் முகட்டிலும் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் திருகாணி, நடுவில் இரண்டு விட்டு ஒன்று. உறிஞ்சல் ஓரங்களில்தான் அதிகம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மனை இருந்தால் எல்லாத் திருகாணியும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. விலை கேட்டு மயங்கத்தான் செய்யும், ஆனாலும் வாங்குங்கள்.

கைவினைப் பாணி இங்கே கைகொடுக்கிறது. கைமர முனைகளையும் பட்டைகளையும் போல்ட் தலைகளையும் மறைக்க வேண்டாம் என்கிறது அது. வராங்கில் உட்கார்ந்தபடியே எந்தப் பட்டை துருவேறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பலகை அடித்து மூடிய கூரையில் அது புயலன்றுதான் தெரியும்.

மரச்சில்லு, அதாவது நம் ஊரில் பார்தோ என்பது, அழகில் ராஜா. மேட்டு நிலத்து ஈரத்தில் பாசி பிடிக்கும், பராமரிப்புக் கேட்கும். பட்ஜெட் இறுக்கமானால் வராங்க் முகப்புக்கு மட்டும் பார்தோ, மற்றதுக்குத் தகடு. கரும்புத் தோகை வேய்வது ஓட்டல் குடில்களுக்குச் சரி, வசிக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 4: கல்

தீவே எரிமலை கக்கியது. கரும்புக் காட்டில் நூறு வருடமாகப் பொறுக்கிக் குவித்த கருங்கல் மலை மலையாகக் கிடக்கிறது. நிலத்துக்காரரிடம் கேட்டு, வண்டிக்கூலி பேசி எடுங்கள்.

கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி 'கிண்' என்றால் எடுக்கலாம், 'தொப்' என்றால் உள்ளே விரிசல் அல்லது வெந்துபோன கல். எங்களுக்குக் கட்டிய பெரியவர் ஒவ்வொரு கல்லையும் தட்டி, கையில் உருட்டி, அது எந்தப் பக்கமாக உட்கார விரும்புகிறது என்று பார்த்துத்தான் வைப்பார். ஒரு கல் மூன்று தடவை சரியாக உட்காரவில்லை. கோபப்படாமல் ஓரமாக வைத்தார். இரண்டு நாள் கழித்து வாசல் மூலையில் அதே கல்லை எடுத்து வைத்தார், அளந்து வெட்டியது மாதிரி உட்கார்ந்தது. "இது அன்றைக்கே இந்த இடத்தைத்தான் கேட்டது, தம்பி" என்றார். அவர் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோலில், கடைசி 'தம்பி' மட்டும் தமிழ்.

கல்லை எங்கே வைப்பது? அடிப்பீடம் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வராங்க் தூண்களின் கீழ்ப்பாதி, வாசற்படி. அதற்கு மேல் மரச்சட்டச் சுவரோ சிமென்ட் கல் சுவரோ போகட்டும். வீடு முழுக்கக் கல் என்றால் கூலியில் மூழ்கிவிடுவீர்கள். கான்கிரீட் சுவர்மேல் மெல்லிய கல்பில்லை ஒட்டி 'இயற்கை வீடு' என்று சொல்லிக்கொள்வதற்கு வெறும் சுண்ணாம்புப் பூச்சே மேல். அது என் கருத்து, என் மைத்துனர் ஒட்டியிருக்கிறார், வீட்டுக்கு இன்னும் போய்வருகிறோம்.

இரட்டை வரிசையாகக் கட்டும்போது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு கல்லாவது சுவரின் முழுத் தடிமனையும் குறுக்கே கடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுவர் மெல்ல இரண்டு சுவராகப் பிரிந்து வயிறு தள்ளும். தூணின் நடுவே அஸ்திவாரத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி மேலே வந்து மரத்தூணின் அடியிலுள்ள இரும்புக் காலணியைப் பிடிக்கட்டும். இழுவிசைச் சங்கிலி தூணிலும் அறுபடக் கூடாது.

சாந்துக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று. போர்ட் லூயிஸில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய அப்ரவாசி காட் கட்டிடங்களில் சுண்ணாம்புச் சாந்தும் கருங்கல்லும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்தில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடற்கழியில் மணல் அள்ளுவது 2001இல் நின்றது. இப்போது பை சுண்ணாம்பும் பாறை உடைத்த மணலும்தான். கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சாந்தைக் கெட்டியாகக் குழைக்கச் சொல்லுங்கள். தண்ணியாக இருந்தால் கல் வழுக்கி இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம். கட்டியதை ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடுங்கள். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றைக் குடித்து மெல்ல இறுகுகிறது. அவசரப்பட்டால் உதிரும்.

படி 5: மரம்

உள்நாட்டுக் காட்டு மரம், கருங்காலி போன்றவை, வேண்டவே வேண்டாம். மிச்சம் இருப்பதே கொஞ்சம். தோட்டக் காட்டு மரங்கள் இருக்கின்றன: பைன், கிரிப்டோமேரியா, யூகலிப்டஸ். கிரிப்டோமேரியா லேசானது, மணக்கும், உள்கூரைப் பலகைக்கு அருமை, பாரம் தாங்க வைக்காதீர்கள். சட்டத்துக்குப் பதப்படுத்திய பைன். தென்னாப்பிரிக்கப் பைனில் முத்திரை பாருங்கள்: ஹெச்2 உள்ளே, ஹெச்3 வெளியே, ஹெச்4 மண்ணைத் தொடும் இடத்தில். வாசக்காலுக்கும் கதவுக்கும் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் தேக்கு தேடுங்கள். பழைய ஆணித்துளை இருக்கும். இருக்கட்டும்.

நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். நன்றாக உலர்ந்த மரம் என்று ஒரு மரக்கடையில் சொன்னதை நம்பி ஆறு ஜன்னலுக்கு வாங்கினேன். ஈரமானி வைத்துப் பார்க்கவில்லை. பொருத்தி நாலு மாதத்தில் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் போகும் இடைவெளி. இரண்டு ஜன்னல் கொக்கி மாட்டவே வராது. இப்போது மரம் வந்தவுடன் நடுவில் ஒரு துண்டு அறுத்து, புதிதாக அறுத்த முகத்தில் ஈரமானியைக் குத்துகிறேன். 16 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஜன்னலுக்கு. மேலே இருந்தால் நிழலில் குறுக்குக் கட்டை வைத்து அடுக்கிக் காத்திருக்க வேண்டும்.

பொருத்துகளில்தான் பாணி இருக்கிறது. ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, எதிர்க் கட்டையில் துளையிட்டு நுழைத்து, குறுக்கே மர ஆணி அடிப்பது. கழுந்தின் ஆணித்துளையை எதிர்க் கட்டையின் துளைக்கு நேராக வைக்காமல், தோளின் (கழுந்து தொடங்கும் படியின்) பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி இடுங்கள். ஆணி இறங்கும்போது கழுந்தை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை. இதை வராங்க் கைப்பிடியிலும் இருக்கைகளிலும் செய்யுங்கள். கூரையில் மர ஆணியை மட்டும் நம்பாதீர்கள், அங்கே இரும்புப் பட்டையும் வேண்டும்.

கரையானுக்கு மருந்தை விட உயரம் நல்லது. எந்த மரத்தூணும் தரையைத் தொடக் கூடாது, 15 சென்டிமீட்டர் கல்லின்மேல் இரும்புக் காலணியில் நிற்கட்டும். கான்கிரீட்டுக்குள் தூணைப் புதைப்பது தூணுக்குக் குழி வெட்டுவதற்குச் சமம், தண்ணீர் அங்கேயே தேங்கும். மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானும் உண்டு. ஜன்னலடியில் கசகசா கொட்டியது மாதிரி குருணை கிடந்தால் அதுதான்.

படி 6: பூச்சு

உள்சுவருக்குச் சுண்ணாம்பு, மெல்லிசாக மூன்று நாலு கை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். வார்னிஷ் வெயிலில் உரிந்து தோல் தோலாக நிற்கும், எண்ணெய் உரியாது, வருடம் ஒருமுறை துடைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காய வையுங்கள்.

படி 7: தாள், ஆள், நாள்

நகராட்சி அல்லது மாவட்ட மன்றத்தின் கட்டட அனுமதி கையில் வராமல் மண்ணைத் தொடாதீர்கள். மரக்கூரைக்குப் பொறியாளர் கையெழுத்தோடு இறுக்கல் விவரம் வரைந்து வாங்குங்கள். காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் தாள் அதுதான். சில காப்பீடுகளில் மரவீட்டுக்குத் தனி நிபந்தனை போடுவார்கள், கட்டத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிக்கு வாரக்கூலி, தச்சருக்கு வேலைக்கூலி என்பது என் வழக்கம். ஆனால் பொருத்துகளுக்கு மட்டும் நாள்கூலிதான். வேலைக்கூலி பேசினால் அவர் திருகாணியை எடுத்துவிடுவார், தப்பும் சொல்ல முடியாது. கூலி கொடுக்கிற நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் கணக்குப் பேசுவது கிரியோலில்.

புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சில வருடம் மே வரையும் இழுக்கும். ஆகவே மே மாதம் கடைக்கால் தோண்டி, அக்டோபருக்குள் கூரை இறுக்கி முடிக்கப் பாருங்கள். முடியாது என்று தெரிந்தால் கூரையைத் தொடாமல் சுவரோடு நிறுத்துங்கள். பாதி இறுக்கிய கூரை எதுவும் இல்லாததை விட ஆபத்து.

ஜன்னல்களுக்கு மரக் கதவுத்தட்டி போடும்போது உள்ளிருந்து குறுக்குக் கட்டை மாட்டும்படி கொக்கி வையுங்கள். இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கையோடு மாட்டிவிட வேண்டும், மூன்றாவதுக்குக் காத்திருந்தால் மழையில் நின்று மாட்ட நேரும். ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து போல்ட்டுகளைச் சாவியால் ஒரு சுற்று இறுக்குங்கள். மரம் சுருங்கியிருக்கும், பாதி போல்ட்டாவது கால் சுற்று திரும்பும். அன்றைக்கே குறுக்குக் கட்டைகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் ஒன்று குறைகிறது, போன வருடம் அது கோழிக் கூட்டுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.